கிரவுச்பேக் கைமாற்றிய பொருள்கள்

ஆங்கில எழுத்தாளர் ஈவ்லின் வா எழுதிய ‘மென் அட் ஆர்ம்ஸ்’ நாவலை முதன்முதலில் படித்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சிரிப்பதற்காகவே அப்போது அதைப் படித்தேன். ஆப்தார்ப் என்னும் அதிகாரி வரும் பக்கங்களுக்கு அடையாளம் வைத்துக்கொண்டு, கிடைத்த நண்பர்களுக்கெல்லாம் உரக்க வாசித்துக் காட்டினேன். சென்ற மாதம் அதன் தொடர்ச்சியான இரண்டு நாவல்களையும் சேர்த்து மூன்றையும் அடுத்தடுத்துப் படித்து முடித்தேன். பழைய இடங்களில் இம்முறையும் சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு விஸ்கிப் புட்டியும், இறந்த படைவீரன் ஒருவனின் அடையாளத் தகடும், ஒரு கட்டுப் பழைய பத்திரிகைகளும் என் மனத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதற்குக் கதையை முடிவு வரை சொல்லியாக வேண்டியிருக்கிறது என்பதால், முடிவு தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் முதலில் நாவல்களைப் படித்துவிடுவது நல்லது.

கதை 1939 ஆகஸ்டில், இத்தாலியக் கடற்கரையில் சாந்தா துல்ச்சினா என்னும் சிற்றூரில் தொடங்குகிறது. கய் கிரவுச்பேக்குக்கு முப்பத்தைந்து வயது. பழமையான ஆங்கிலக் கத்தோலிக்கக் குடும்பமொன்றின் கடைசி மகன். மூத்த அண்ணன் முதல் உலகப் போரில் மாண்டான். இன்னொருவன் மனம் பேதலித்து, உணவை மறுத்து இறந்தான். மனைவி வர்ஜினியா விவாகரத்துப் பெற்று வேறு ஆண்களை மணந்துகொள்கிறாள். திருச்சபையின் சட்டப்படி அவனோ அவள் உயிரோடு இருக்கும்வரை மறுமணம் செய்துகொள்ள முடியாது. வாரிசு இல்லை, வேலை இல்லை, ஊரார் அவனிடம் மரியாதையாக இருந்தாலும் யாருக்கும் அவன்மீது ஒட்டுதல் இல்லை. எட்டு ஆண்டுகளாக இப்படி ஒரு வறண்ட வாழ்க்கை. அந்த நிலையில்தான் ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் ஒப்பந்தம் செய்துகொண்ட செய்தி வருகிறது. ஐரோப்பா முழுவதும் திகிலடைந்து நிற்க, கிரவுச்பேக் மட்டும் மகிழ்ச்சி கொள்கிறான். தான் வெறுக்கும் இரண்டு கொடுமைகளும் கைகோத்துக்கொண்டு விட்டன. இனி எதிரி யார் என்பதில் ஐயமில்லை. தனக்கும் இந்த உலகில் நிற்க ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறான். ஒரு போர் தொடங்கப்போகும் செய்தி ஒரு மனிதனின் தனிமைக்கு மருந்தாகிறது. இருபத்திரண்டு வயதில் இந்தப் பக்கங்களை வேகமாகக் கடந்துவிட்டேன் என்பதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் பின்னால் வரும் மூன்று நாவல்களும் இந்த மகிழ்ச்சிக்குச் சொல்லும் பதில்தான்.

இங்கிலாந்துக்குப் புறப்படுமுன் அவன் அவ்வூர்த் தேவாலயத்திலுள்ள ஒரு கல்லறைக்குப் போகிறான். வேப்ரூக்கின் ரோஜர் என்னும் ஆங்கில வீரன் அங்கே கிடக்கிறான். சிலுவைப் போருக்குப் புறப்பட்டவன். கப்பல் இந்தக் கரையோரம் உடைந்துபோனது. இங்கிருந்த பிரபு ஒருவனின் உள்ளூர்ச் சண்டையில் சேர்ந்து இறந்தும்போனான். எருசலேமை அவன் பார்க்கவே இல்லை. ஆனாலும் ஊர் மக்கள் அவனைப் புனிதராக வைத்துக் கொண்டாடுகிறார்கள். வாளைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று நம்பித் தொட்டுத் தொட்டு அதன் முனை வழவழப்பாகிக் கிடக்கிறது. கிரவுச்பேக்கும் அந்த வாளின்மீது விரலை வைத்துத் தனக்காகவும் ஆபத்திலிருக்கும் தன் நாட்டுக்காகவும் வேண்டிக்கொள்கிறான். நடுகல்லுக்கு முன் நின்று கும்பிட்டுப் பழகிய மரபில் வந்த எனக்கு இந்தக் காட்சி மிக எளிதில் புரிந்தது. ஆனால் நாம் நடுகல் எடுப்பது போன இடத்தில் போன காரியத்துக்காக விழுந்தவனுக்கு. ரோஜரோ போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராதவன், தனக்குச் சம்பந்தமில்லாத சண்டையில் செத்தவன். முதல் இயலிலேயே கிரவுச்பேக்கின் கதை முழுவதையும் ஆசிரியர் அந்தக் கல்லில் வெட்டி வைத்துவிட்டார். அவன்தான் அதைப் படிக்கவில்லை.

லண்டனில் யாருக்கும் அவன் தேவைப்படவில்லை. வயது அதிகம். நாடாளுமன்ற உறுப்பினரான மைத்துனர், பொறுத்திரு என்கிறார். தெரிந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே தங்களுக்கு வசதியான இடங்களைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். கடைசியில், தந்தையார் தங்கியிருக்கும் கடலோர விடுதியில் அறிமுகமான மேஜர் ஒருவரின் தயவால் ‘ஹால்பர்டியர்’ என்னும் பழம்பெருமை வாய்ந்த படைப்பிரிவில் பயிற்சி அதிகாரியாகச் சேர்கிறான். படைப்பிரிவு கற்பனையானது. அங்கே அவனுக்கு நடப்பது காதல் என்றே சொல்ல வேண்டும். மெஸ் மேசையின் சடங்குகள், முதிய சார்ஜென்டுகள் கற்றுத்தரும் அணிநடை, அதிகாரிகளிடையே நிலவும் குடும்பப் பாசம், இவை எல்லாவற்றிலும் அவன் மூழ்கிப்போகிறான். மனைவியிடம் கிடைக்காததை ஒரு பட்டாளத்திடம் எதிர்பார்க்கிறான்.

இந்தக் காதலை ஆசிரியர் வெளியில் நின்று எழுதவில்லை. 1939 டிசம்பரில், தம் முப்பத்தாறாவது வயதில், ஈவ்லின் வா ராயல் மரைன்ஸ் படையில் சேர்ந்தார். அதற்குள் அவர் புகழ்பெற்ற நாவலாசிரியர். மனைவியும் குழந்தைகளும் உடையவர். எழுதிக்கொண்டே போரைக் கழித்திருக்கலாம். 1940 செப்டம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவின் டக்கார் துறைமுகத்துக்குச் சென்ற படையெடுப்பில் இருந்தார்; அங்கே அவருடைய படையினர் கரையிறங்காமலேயே திரும்பினார்கள். பிறகு கமாண்டோ பிரிவுக்கு மாறி, 1941 மே மாத இறுதியில் கிரீட் தீவிலிருந்து பிரிட்டிஷ் படை பின்வாங்கியபோது அங்கே இருந்தார். 1944இல் யூகோஸ்லாவியாவில் ஜெர்மானியரை எதிர்த்த கம்யூனிஸ்ட் கெரில்லாப் போராளிகளிடம் தொடர்பதிகாரியாக அனுப்பப்பட்டார். கிரவுச்பேக் போகும் இடங்களெல்லாம் ஏறக்குறைய இவைதான். இராணுவத்தைக் கிண்டல் செய்யும் நாவல்களில் பல, இராணுவம் என்றாலே மூடத்தனம் என்ற முடிவோடு தொடங்குகின்றன. அவற்றில் ஏமாற்றம் என்பதற்கே இடமில்லை, ஏமாறுவதற்கு முதலில் நம்பியிருக்க வேண்டுமே. ‘மென் அட் ஆர்ம்ஸ்’ நம்பிக்கையில் தொடங்குகிறது. அதனால்தான் அதன் சிரிப்புக்கு இத்தனை வலி.

இனி ஆப்தார்ப். பயிற்சிக்கு வந்தவர்களில் கிரவுச்பேக்கைப் போலவே வயது மூத்தவர் அவர் ஒருவர்தான். இளைஞர்கள் இருவரையுமே ‘அங்கிள்’ என்று அழைக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகள் இருந்தவர். காட்டுவாசத்துக்கென்றே சேர்த்த பெட்டி பெட்டியான தளவாடங்களை எங்கு போனாலும் கூடவே சுமந்துகொண்டு போகிறவர். தம் காலணிகள் எந்தத் தோலில் செய்யப்பட்டவை என்பதை மிகுந்த பெருமிதத்தோடு விளக்குகிறவர். பார்த்தவுடன் அசல் பட்டாளத்துக்காரர் என்று தோன்றும். அந்தத் தோற்றம் எவ்வளவு கெட்டியானது, அதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது போகப்போகத்தான் தெரிகிறது. ஒரு விருந்திரவின் விளையாட்டில் கிரவுச்பேக்குக்கு முழங்காலில் அடிபடுகிறது. அதே இரவில் ஆப்தார்ப்பும் எங்கோ விழுந்து முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார். இருவரும் ஆளுக்கொரு தடியோடு பக்கத்தில் பக்கத்தில் நொண்டிக்கொண்டு நடக்கும் காட்சியை முதல் வாசிப்பில் வெறும் வேடிக்கையாகக் கண்டேன். இப்போது அவர்கள் ஓருருவும் அதன் நிழலுமாகத் தெரிகிறார்கள். கிரவுச்பேக் மனத்துக்குள் மறைத்து வைத்திருக்கும் சிறுவனின் கனவை ஆப்தார்ப் வெளியே அணிந்துகொண்டு திரிகிறார். நாவலின் மூன்று பாகங்களுக்கும் ஆசிரியர் இலத்தீனில் தலைப்பு வைத்திருக்கிறார்: புகழ்மிக்க ஆப்தார்ப், வெறிகொண்ட ஆப்தார்ப், பலியிடப்பட்ட ஆப்தார்ப் என்பது அவற்றின் பொருள். நாயகனின் பெயர் ஒரு தலைப்பிலும் இல்லை.

அந்தத் தளவாடங்களில் ஒன்றுதான் புகழ்பெற்ற ‘தண்டர் பாக்ஸ்’. தூக்கிச் செல்லக்கூடிய ஒரு கழிப்பெட்டி; உள்ளே வேதிப்பொருள் ஊற்றிப் பயன்படுத்துவது. பயிற்சிக்காகக் கைப்பற்றப்பட்ட பழைய பள்ளிக்கூடத்தில், பிறர் கழிப்பிடத்தைப் பயன்படுத்தினால் நோய் தொற்றும் என்று அஞ்சி, ஆப்தார்ப் இந்தப் பெட்டியை ஒரு கொட்டகையில் ஒளித்து வைக்கிறார். படைத்தலைவர் பிரிகேடியர் ரிச்சி-ஹுக் அதைக் கண்டுபிடித்துவிடுகிறார். பிரிகேடியர் என்ற பதவிக்குக் கீழுள்ளவர்கள் நுழையக் கூடாது என்று பலகை எழுதி மாட்டுகிறார். இரகசியமாகப் பெட்டியை இடம் மாற்றுவது, வேவு பார்ப்பது, இரும்புத் தொப்பியோடு அதில் போய் உட்காருவது என்று இரண்டு வளர்ந்த மனிதர்களிடையே ஒரு முழுப் போரே நடக்கிறது. கடைசியில் பிரிகேடியர் வைத்த வெடியில் பெட்டி சிதறுகிறது. ஆப்தார்ப் உயிர் தப்புகிறார். அந்த 1940இன் தொடக்க மாதங்களில் உண்மையான போர் இவர்களுக்கு எங்கும் கிடைக்கவில்லை என்பதை நினைத்துக்கொண்டு இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும். உலகின் கொடுமையை எதிர்க்க வந்தவர்கள் கையில், அவர்களுடைய போர்க்கலை முழுவதையும் காட்டிக்கொள்ள, ஒரு கழிப்பெட்டிதான் அகப்பட்டது.

ரிச்சி-ஹுக்கைப் பற்றி எனக்கு மனம் ஒருநிலைப்படவில்லை. முதல் உலகப் போரில் கட்டளையை மீறியதற்காக இருமுறை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, மீறியதால் கிடைத்த வெற்றிக்காக இருமுறையும் விடுவிக்கப்பட்டவர் அவர். ஒற்றைக் கண். எதிரியை ‘அடிப்பது’ தவிர வேறு எதிலும் அவருக்கு நாட்டமில்லை. டக்கார் கரைக்கு அப்பால், படையெடுப்பு கைவிடப்பட்டபின், கிரவுச்பேக் சிலரோடு இரவில் கரைக்குச் சென்று உளவறிந்து வர அனுப்பப்படுகிறான். அந்தப் படகில் பிரிகேடியரும் யாருக்கும் தெரியாமல் மாறுவேடத்தில் ஏறிக்கொண்டிருக்கிறார். திரும்பும்போது கறுப்பினக் காவலன் ஒருவனின் வெட்டிய தலையைக் கொண்டு வருகிறார். முந்தைய போரில் ஜெர்மானியக் காவலர்களின் தலைகளையும் இப்படிக் கொண்டு வந்தவர் அவர் என்று ஆசிரியர் முன்பே சொல்லியிருக்கிறார்; ஆகவே அந்த மனிதருடைய பித்துக்கு நிறம் கிடையாது என்று வாதிடலாம். ஆனாலும் கதையின் சிரிப்பு அந்த இடத்தில் என்னோடு நின்றுவிட்டது. ஐரோப்பியர்களின் சண்டையில் ஒரு துறைமுகத்துக்குக் காவல் நிறுத்தப்பட்ட ஆப்பிரிக்கன் அவன். அவனுக்கு ஒரு பெயரோ ஒரு வாக்கியமோ நாவலில் கிடைக்கவில்லை. பேரரசுகளின் பட்டாளங்களில் கூலிக்குச் சேர்ந்து அயல்மண்ணில் இறந்தவர்களின் வழியில் வந்த வாசகர்கள் அந்தத் தலையைக் கோமாளித்தனத்தின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்ள முடியாது. ஈவ்லின் வாவின் கருணைக்கு எல்லை இருந்தது. அந்த எல்லை எங்கே விழுகிறது என்பதை இந்தப் பக்கத்தில் விரல் வைத்துக் காட்டலாம்.

அந்த உளவுப் பயணத்தில் கிரவுச்பேக் தன் கடமையைச் சரியாகவே செய்திருந்தான். அவன் பெற்றது பாராட்டன்று, கோப்பில் ஒரு கரும்புள்ளி. இரண்டாவது புள்ளி அடுத்து ஃப்ரீடவுன் நகரில் விழுகிறது. ஆப்தார்ப் காய்ச்சலில் விழுந்து மருத்துவமனையில் கிடக்கிறார். நோயாளியைப் பார்க்கப் போகும்போது கையில் ஏதாவது கொண்டுபோவதுதானே முறை. கிரவுச்பேக் ஒரு புட்டி விஸ்கி கொண்டுபோய்ப் படுக்கையில் ஒளித்து வைத்துவிட்டு வருகிறான். ஆப்தார்ப் அந்தச் சந்திப்பில் ஒரு பாவத்தை ஒப்புக்கொள்கிறார். தமக்கு இரண்டு அத்தைகள் உண்டு என்று சொல்லிவந்தது பொய், உண்மையில் ஒருவர்தான். சாவின் விளிம்பில் ஒரு மனிதன் மனம் உறுத்தச் சொல்லும் இந்தப் பொய்யைப் படித்து இருபத்திரண்டு வயதில் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அந்த இடத்தில் என் கண் கலங்கியது. தம்மிடம் இருப்பது போதாது என்று வாழ்நாளெல்லாம் அஞ்சிய மனிதன், உறவைக்கூட ஒன்று கூட்டிச் சொல்லியிருக்கிறான். அவர் அந்தப் புட்டியைக் குடித்து முடித்து இறந்துவிடுகிறார். கொண்டுபோய்க் கொடுத்தவன் யார் என்ற விசாரணை கிரவுச்பேக்கிடம் வந்து நிற்கிறது. அவன் நேசித்த படைப்பிரிவிலிருந்து அவனைப் பிரித்து இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். முதல் நாவல் இத்துடன் முடிகிறது. பயிற்சியையும் சேர்த்து ஏறக்குறைய ஓராண்டுப் போர் வாழ்க்கையில் கிரவுச்பேக்கின் கையால் நேர்ந்த ஒரே மரணம் தன் நண்பனுடையது. 1952இல் வெளிவந்த இந்நாவலுக்கு அவ்வாண்டின் ஜேம்ஸ் டெய்ட் பிளாக் பரிசு கிடைத்தது.

1955இல் வந்த இரண்டாம் நாவலான ‘ஆபீசர்ஸ் அண்ட் ஜென்டில்மென்’ பற்றி இங்கே சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். கப்பலில் முடிதிருத்தும் தொழிலாளியாக இருந்த டிரிம்மர் என்பவன், தவறான கரையில் போய் இறங்கி ஒரு இரயில் பாதையைச் சேதப்படுத்திய சிறு சம்பவத்தைச் செய்தித்துறை ஊதிப் பெரிதாக்கி அவனைத் தேசிய வீரனாக்குகிறது. கிரவுச்பேக் முழுமையான போர்வீரன் என்று எண்ணி வியந்த ஐவர் கிளேர், கிரீட்டில் சரணடையும்படி உத்தரவு வந்தபோது தன் வீரர்களை விட்டுவிட்டுக் கப்பலேறிவிடுகிறான். கிரீட் பின்வாங்கலைப் பற்றிய பகுதிகளை, போர்க்களம் குறித்து நான் படித்தவற்றில் மிக உயர்ந்தவையாகக் கருதுகிறேன். அங்கே சிரிப்பு மெல்ல மெல்ல வற்றிப்போய், தாகமும் தூசும் நடையும் மட்டுமே மிஞ்சுகின்றன.

அந்தத் தீவில் ஓரிடத்தில், இறந்து கிடக்கும் இளம் ஆங்கில வீரன் ஒருவனைக் கிரவுச்பேக் காண்கிறான். அவன் கழுத்திலிருந்த அடையாளத் தகட்டை எடுத்துப் பத்திரப்படுத்திக்கொள்கிறான். சிறு படகொன்றில் பல நாள் கடலில் மிதந்து, மனம் கலங்கி, பேச்சற்று எகிப்தின் மருத்துவமனையில் கிடந்து மீண்டபின்னும் அந்தத் தகடு அவனிடம் இருக்கிறது. உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கும்படி அதை ஓர் உறையிலிட்டு, தன்மீது அன்பு காட்டிய திருமதி ஸ்டிச் என்னும் செல்வாக்குள்ள பெண்ணிடம் கொடுக்கிறான். அவளோ, தன் வட்டத்தைச் சேர்ந்த கிளேர் ஓடிவந்ததற்கான சாட்சியம்தான் உறைக்குள் இருக்கிறது என்று எண்ணி, அவன் போனபின் அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிடுகிறாள். இரண்டொரு வரிகளில் முடிந்துபோகும் காட்சி. எங்கோ ஒரு வீட்டில் ஒரு தாய், மகன் என்ன ஆனான் என்று தெரியாமலேயே இருப்பாள். ஆசிரியர் அந்தத் தாயைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன், நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதே நாட்களில், 1941 ஜூன் 22 அன்று, ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்குகிறது. கிரவுச்பேக்குக்கு 1939 ஆகஸ்டில் கிடைத்த தெளிவு இருபத்திரண்டு மாதங்களில் கரைந்துவிடுகிறது. எதிரியில் பாதி இப்போது நண்பன். கிளேரின் குற்றத்தை நிறுவக்கூடிய தன் குறிப்பேட்டை அவன் எரித்துவிடுகிறான். யாருக்காக, எந்த நீதிக்காக அதை வைத்திருப்பது?

மூன்றாம் நாவலான ‘அன்கண்டிஷனல் சரண்டர்’ 1961இல் வந்தது. அதன் தொடக்கத்தில் இன்னொரு வாள் வருகிறது, இது கற்பனையன்று. ஸ்டாலின்கிராட் மக்களின் வீரத்தைப் போற்றி ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஆணைப்படி செய்யப்பட்ட வாள் 1943 அக்டோபரில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. நவம்பர் 29 அன்று தெஹ்ரானில் சர்ச்சில் அதை ஸ்டாலினிடம் கொடுத்தார். நாவலில் மக்கள் அதைக் காண நீண்ட வரிசையில் காத்திருக்கிறார்கள். அன்று கிரவுச்பேக்கின் நாற்பதாவது பிறந்தநாள். அவன் வரிசையில் சேராமல் கடந்து போகிறான். வழவழத்துப்போன ரோஜரின் வாளைத் தொட்ட விரல் இந்த வாளைப் பார்க்கவும் விரும்பவில்லை. ஸ்டாலின்கிராடில் இறந்த எளிய வீரர்களை இந்த அரசியல் கசப்புக்குள் அடக்கிவிட முடியாது என்பது என் கருத்து. ஆனால் கதைக்குள் அந்த மனிதனின் நடை எனக்குப் புரிகிறது.

பிறகு அவனை யூகோஸ்லாவியாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே பெகாய் என்னும் ஊரில் நூற்றுக்கும் மேற்பட்ட யூத அகதிகள் போக்கிடமின்றிக் கிடக்கிறார்கள். அவர்கள் சார்பில் அவனிடம் பேச வருகிறவள் திருமதி கன்யி. அவளுடைய கணவர் பொறியாளர், ஊரின் மின்நிலையத்தை ஓடவைத்துக்கொண்டிருப்பவர். அவர்களை விடுவித்து அனுப்புவதை மட்டுமே கிரவுச்பேக் இப்போது தன் போராக எடுத்துக்கொள்கிறான். விண்ணப்பங்கள், தந்திகள், விமானம் இறங்க முடியாத பனிமூட்டம், மறுபடியும் விண்ணப்பங்கள். கடைசியில் அகதிகள் போகிறார்கள். மின்நிலையத்துக்குத் தேவை என்பதால் கன்யி தம்பதியர் மட்டும் தடுக்கப்படுகிறார்கள். அவர்களுக்குக் கொடுக்க அவனிடம் வேறெதுவும் இல்லை. தனிமையில் படித்துப் பொழுதுபோக்கட்டும் என்று ஒரு கட்டு அமெரிக்கப் பத்திரிகைகளைக் கொடுக்கிறான்.

விடைபெறும் வேளையில் அவள் அவனிடம் பேசுவதுதான் மூன்று நாவல்களின் உயிர்நிலை என்று எனக்குத் தோன்றுகிறது. போரை விரும்பியவர்கள் நாஜிகள் மட்டும்தானா என்று அவள் கேட்கிறாள். எல்லா இடங்களிலும் ஒரு சாவுவேட்கை இருந்தது. நல்லவர்கள்கூடப் போர் வந்தால் தங்கள் தனிப்பட்ட மானம் மீட்கப்படும், சுகமாகவும் சுயநலமாகவும் வாழ்ந்ததற்குத் துன்பம் அனுபவித்து ஈடுகட்டிவிடலாம் என்று எண்ணினார்கள் என்கிறாள். அவள் வெளிநாட்டுப் பெண். சாந்தா துல்ச்சினாவின் கல்லறையையோ, ஒப்பந்தச் செய்தி வந்த நாளில் அவன் அடைந்த மகிழ்ச்சியையோ அறியாதவள். இங்கிலாந்தில் அப்படிப்பட்டவர்கள் இல்லையா என்ற அவளது கேள்விக்குக் கிரவுச்பேக், கடவுள் மன்னிக்கட்டும், நானே அவர்களில் ஒருவன் என்று விடை சொல்கிறான்.

போர் முடியும் தறுவாயில் அவளைப் பற்றி விசாரிக்கிறான். சக அதிகாரி ஒருவன் சாவகாசமாகச் சொல்கிறான்: கணவனும் மனைவியும் அந்தக் கம்யூனிஸ்ட் போராளிகளின் மக்கள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள், அவள் பிரிட்டிஷ் தொடர்பதிகாரியோடு பழகியவள் என்று சொல்லப்பட்டது, அவர்கள் அறையில் ஒரு கட்டு அமெரிக்கப் பத்திரிகைகள் இருந்தன, எதிர்ப்புரட்சிப் பிரசாரத்துக்கு அவையே சான்று.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். விஸ்கிப் புட்டி நினைவுக்கு வந்தது அப்போதுதான். ஒன்பது ஆண்டு இடைவெளியில் வெளிவந்த இரண்டு நாவல்களில், ஒன்று வேடிக்கையாகவும் மற்றொன்று பயங்கரமாகவும், ஆசிரியர் ஒரே காட்சியை இருமுறை எழுதியிருக்கிறார். தனித்துக் கிடப்பவரைப் பார்க்கப் போகிறான். வெறுங்கையோடு போகக் கூடாது என்று கையில் இருப்பதைக் கொடுக்கிறான். அந்தப் பொருளே அவருக்கு யமனாகிறது. நடுவில் இருக்கும் அடையாளத் தகடும் இந்த வரிசையில்தான் சேர்கிறது. இறந்தவனுக்குச் செய்யக்கூடிய கடைசி மரியாதையை நம்பி ஒப்படைத்தான், அது குப்பைக்குப் போனது. கிரவுச்பேக் வாளேந்தி எதிரியை வீழ்த்தும் காட்சி இந்தப் பெருங்கதையில் எங்கும் இல்லை. அவன் செய்ததெல்லாம் பொருள்களைக் கைமாற்றியதுதான். தனிமனிதனின் இயல்பான அன்பு போர் என்னும் அமைப்புக்குள் நுழைந்து மறுபக்கம் வெளிவரும்போது என்னவாக மாறிவிடுகிறது என்பதை எனக்கு வேறெந்த நூலும் இவ்வளவு அமைதியாகக் காட்டியதில்லை. இராணுவ மூடத்தனம், கோப்புகள், பதவிப் பித்து என்று மேலே தெரியும் கிண்டல்களை எல்லாம் நாளடைவில் மறந்துவிடலாம். இதை மறக்க முடியவில்லை.

அவன் கொடுத்ததில் ஒன்று மட்டும் அழியாமல் நிற்கிறது. யூகோஸ்லாவியாவுக்குப் போகுமுன், டிரிம்மரின் கருவைச் சுமந்துகொண்டு, பணமும் புகலிடமும் இன்றித் தன்னிடம் வந்த வர்ஜினியாவை அவன் மறுபடியும் மனைவியாக ஏற்றுக்கொள்கிறான். திருச்சபையின் கண்ணில் அவள் எப்போதும் அவன் மனைவிதான். நண்பர்கள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள். வீரத்தின் பேரில் செய்யும் வீண் செயல் என்கிறார்கள். அவனுக்கோ, சிறிது காலத்துக்கு முன் இறந்த தந்தையார் எழுதிய கடிதம் நினைவில் இருக்கிறது: எண்ணிக்கையால் அளந்து பார்க்கும் கணக்கு இந்த விஷயங்களில் செல்லாது, ஓர் உயிர் கரையேறுமானால் இழந்த கௌரவம் ஒரு பொருட்டாகாது என்பது அதன் சாரம். உலகம் முழுவதையும் காக்கப் புறப்பட்டவன், தன்னைத் தவிர வேறு யாருக்கும் வேண்டாத ஒரு குழந்தைக்குத் தன் பெயரைக் கொடுக்கிறான். வர்ஜினியா, லண்டன்மீது ஜெர்மானியர் ஏவிய பறக்கும் குண்டு விழுந்து இறந்துபோகிறாள். பாதுகாப்புக்காக முன்பே வேறிடத்துக்கு அனுப்பப்பட்டிருந்த குழந்தை பிழைக்கிறது.

நாவலின் முதல் பதிப்பில், போருக்குப் பின் மறுமணம் செய்துகொண்ட கிரவுச்பேக்குக்குச் சொந்தமாக இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்ததாக ஒரு வரி இருந்தது. மூன்று நாவல்களையும் ‘சோர்டு ஆஃப் ஹானர்’ என்ற ஒரே நூலாகத் திருத்தி 1965இல், தாம் இறப்பதற்கு முந்தைய ஆண்டில், ஈவ்லின் வா வெளியிட்டார். அதில் அந்த இரண்டு குழந்தைகளையும் அடித்துவிட்டார். பழமையான கிரவுச்பேக் குடும்பத்துக்கு வாரிசாக, முடிதிருத்துபவனின் மகன் ஒருவனே எஞ்சுகிறான்.